எதிர் வீட்டுச் சாட்சி

எங்கள் தெருவில் யாரிடம் பட்டுப்புடவை இருந்தாலும் ஐப்பசி பிறந்ததும் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். புடவை மட்டுமா? வீட்டுப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாண ஆல்பம், சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவரின் ஆர்மோனியம், போஸ்ட்மேனின் கம்பளிக் கோட்டு எல்லாம் வரும். குன்னூரில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பீரோவில் மடித்து வைத்த துணி ஒரு மாதத்தில் பூசணம் பூத்துவிடும். பெட்டிக்கடியில் வைத்த பத்திரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போட்டோவில் இருக்கிறவர்களுக்கு முதலில் காது போகும், அப்புறம் கன்னம் போகும்.

எங்கள் வீடு ஒரு காலத்தில் எஸ்டேட் கிளார்க்குக்காகக் கட்டியது. கூடத்தில் கணப்பும் புகைபோக்கியும் உண்டு. புகைபோக்கிச் சுவருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. மாலையில் கணப்பில் நாலு கட்டை போட்டால் அந்தச் சுவர் மறுநாள் மதியம் வரை வெதுவெதுப்பாக இருக்கும். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் பிற்பாடு சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய கான்கிரீட் வீடுகள். பின்சுவர் வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் சின்ன அறைக்குத் தெருவே சேர்ந்து 'சூட்டு ரூம்' என்று பெயர் வைத்துவிட்டது. பெட்டி வைக்கிறவர்கள் கூடவே ஒரு கட்டு விறகு கொண்டுவருவார்கள். சீகை மரக் கட்டையோ, தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்து வெட்டிப்போட்ட குச்சியோ, கிடைத்ததை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அதுதான் வழக்கம். யாரும் அனுமதி கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை.

நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபத்து நாலு வருஷமாக டைப் அடிக்கிறேன். போலீஸ் ஒரு வீட்டுக்குள் போய் என்ன பார்த்தது, எதை எடுத்தது, யார் முன்னிலையில் எடுத்தது என்று எழுதும் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். எத்தனை மகஜரைப் பிரதி எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சமீபத்தில் சட்டம் மாறிப் பிரிவு எண்களெல்லாம் வேறாகிவிட்டன. விரல் பழைய எண்ணையே அடிக்கும், வக்கீல் பல்லைக் கடிப்பார். இவ்வளவு மகஜர் அடித்த கைக்கு, ஒருநாள் நம் வீட்டு மகஜரும் எழுதப்படும் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை என் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம், நானே ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோபத்தால் நான் இழந்தவற்றில் பெரியது எதிர் வீட்டு அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் போன பிறகு ஒற்றை மகளை வைத்துக்கொண்டு தனியாக நின்றவள். பதினைந்து வருஷம் நாங்கள் ஒரே குழம்பை இரண்டு வீட்டிலும் சாப்பிட்டோம். பிறகு ஒரு மேரக்காய்க் கொடியால், சமவெளியில் சௌசௌ என்பார்களே அதனால், எல்லாம் கெட்டது. என் வேலியில் நட்ட கொடி ரோட்டுக்கு மேலே போன கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கூரைக்குப் போய்க் காய்த்தது. அவள் பறித்தாள். நான் கேட்டேன். வார்த்தை வளர்ந்தது. மேரக்காய் யாருக்கு வேண்டும்? கூடையாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத காய் அது. ஆனாலும் அன்றைக்கு ரோட்டில் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, நான் சொன்னேன்: "காய வெக்க ஒரு எடமில்லாம எங்கூட்டுப் படியேறி வந்தவங்கதானே நீங்க?"

சொல்லிக் காட்டிவிட்டேன். செய்ததைச் சொல்லிக் காட்டுவதைவிடக் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருக்கலாம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஆறு வருஷமாக அவள் என்னோடு பேசவில்லை. சூட்டு ரூமில் அவளுடைய பொருள் ஒன்றே ஒன்று இருந்தது, அவளுடைய கல்யாணப் புடவை. அதை அவள் கேட்கவில்லை. நானும் கொடுத்தனுப்பவில்லை. வீம்பு என்று தெரு பேசிக்கொண்டது. எனக்கு மட்டும்தான் தெரியும், புடவையைக் கொடுத்தனுப்பிவிட்டால் எங்களுக்குள் மிச்சம் ஒன்றுமே இருக்காது. அதனால் அதை என் சொந்தப் பெட்டிக்குள் மாற்றி வைத்துக்கொண்டேன்.

அவள் மகள் மட்டும் வந்துபோவாள், அம்மாவுக்குத் தெரியாமல். இரண்டு வருஷத்துக்கு முன் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வந்தவள், ஒருநாள் பச்சை ஃபைல் ஒன்றைத் துப்பட்டாவில் சுற்றி மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுச் சுவரோரம் இருந்ததில் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டின் ஓரத்தைப் பூசணம் தின்றிருந்தது. "சித்தி, இனி இதுக எல்லாம் இங்கயே இருக்கட்டும். அம்மாகிட்ட மூச்சு விட்றாதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளுடைய எல்லா ஒரிஜினலும் சூட்டு ரூமில், இரண்டாவது தட்டில்.

போன ஐப்பசியில் அவளுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அரசாங்க நர்ஸ் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினலோடு வராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். முந்தின நாள் நாலு மணி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி ரயிலைப் பிடிக்க வேண்டும். மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரியாமல் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மழைக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள், அக்கா வீட்டிலேயே இருந்தாள். எனக்கு ஜலதோஷம், நானும் லீவு. 'மூணு மணிக்கு எப்படியாவது வந்து ஃபைலை வாங்கிக்கறேன் சித்தி' என்று போனில் எழுதியிருந்தாள்.

ஒன்றரை மணிக்குப் போலீஸ் வந்தது.

ஒரு சப் இன்ஸ்பெக்டர், இரண்டு காவலர்கள், ஒரு பெண் காவலர். மேல் வளைவில் உள்ள ஒரு ஹோம்ஸ்டேயில் முந்தின வாரம் திருட்டுப் போயிருந்தது. அங்கே புதிதாகச் சமவெளியிலிருந்து வந்த வாட்ச்மேன், 'கீழே ஒரு வீட்டுக்குத் தினமும் ஆள்கள் பெட்டி தூக்கிக்கொண்டு போகிறார்கள், வெறுங்கையோடு திரும்புகிறார்கள்' என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ணுக்கு நாங்கள் திருட்டுச் சாமான் வாங்குகிறவர்கள் மாதிரித்தான் தெரிந்திருப்போம். சப் இன்ஸ்பெக்டரும் மாற்றலாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, ராமநாதபுரத்துக்காரர். "எங்க ஊர்ல துணி கால் மணி நேரத்துல காஞ்சுரும்மா, நீங்க சொல்ற கதையெல்லாம் எனக்குப் புரியல. வீட்டச் சோதனை போடணும்" என்றார்.

வாரன்ட் இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். வாரன்ட் இல்லாமலும் வரலாம் என்பது எனக்குத் தெரியும். வாரன்ட் வாங்கப் போய்வருவதற்குள் பொருள் கைமாறிவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும். ஆனால் அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறார்கள் என்பதையும் முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் படியேற வேண்டும்.

"எழுதியிருக்கீங்களா சார்?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டைத் திறந்து காட்டினார். எழுதியிருந்தார். எழுத்தும் அழகாக இருந்தது. எனக்கு அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது, அதனால் இன்னும் கறாராகிவிட்டேன்.

"நீங்க எதையும் கொண்டுவந்து உள்ள வெக்கலைன்னு நாங்க மொதல்ல உங்களச் சோதிச்சுக்கலாமுங்க" என்றேன். பாவம், சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு ஈரக் கைக்குட்டையும் காகிதத்தில் சுற்றிய வேர்க்கடலையும் இருந்தன. என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு டீ போடப் போய்விட்டார்.

அடுத்தது சாட்சி. சோதனைக்கு அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, விஷயத்தில் சம்பந்தமில்லாத, மதிப்பான ஆள்கள் இரண்டு பேராவது கூட நிற்க வேண்டும். தெரு முழுக்கக் குடையோடு எங்கள் வாசலில்தான் நின்றது. சப் இன்ஸ்பெக்டர் போஸ்ட்மேனைக் கூப்பிட்டார்.

"உங்க பொருள் எதும் இந்த வீட்டுல இருக்கா?"

"இருக்குங்க. ஒரு கோட்டு, ஒரு டிரங்குப் பெட்டி."

"நீங்க?"

"என்ற ஆர்மோனியம் உள்ள இருக்குதுங்க சார்."

"நீங்கம்மா?"

"ரெண்டு பட்டுச் சீலைங்க. ஊட்டுப் பத்திரமும் இருக்குதுங்க."

அவர் ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே போனார். கேட்கக் கேட்க அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "இப்படி எல்லாரும் என்னுது என்னுதுன்னா நான் எதத்தான் நம்புறது? பஸ் ஸ்டாண்டுலருந்து ரெண்டு ஆட்டோக்காரங்களக் கூட்டிட்டு வாங்கய்யா" என்றார் காவலரிடம்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். "வட்டாரத்து ஆளு கெடைக்கலைன்னாத்தான் வெளியாளக் கூப்பிடணுங்க சார். இங்க இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

ஒருவர் தெருக்கோடியில் வர்க்கி பிஸ்கட் சுட்டு விற்கிற வர்க்கி கடைக்காரர். அவருக்குச் சொந்தமாக ஒரு பெரிய அடுப்பே இருக்கிறது, எங்கள் சூடு அவருக்கு எதற்கு? இன்னொருவர் என்று சொல்லி ரோட்டுக்கு அந்தப்பக்கம் கை காட்டினேன். தெருவே ஓடிவந்த நேரத்திலும் சாத்தியே இருந்த ஒரே கதவு அது.

"அந்தம்மாவோட பொருள் எதும் இங்க இல்லைங்க" என்றேன். "வரமாட்டாங்க. நீங்க எழுத்துல குடுத்தா மறுக்க முடியாதுங்க சார்."

நான் சொன்னது பொய். புடவை உள்ளே இருந்தது. சட்டம் பேசிக்கொண்டே பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது.

எழுத்தில் போயிற்று. காரணமில்லாமல் மறுத்தால் அதுவே குற்றம் என்று பெண் காவலர் சொல்லியிருக்க வேண்டும். அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு எங்கள் படி ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. "உங்க பொருள் இங்க எதும் இருக்காம்மா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எனக்கு இந்த ஊட்டுல ஒண்ணுமில்லைங்க" என்றாள். அது எனக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

பிறகுதான் அவர் காணாமல் போன பொருள்களின் பட்டியலைச் சத்தமாகப் படித்தார். ஒரு கேமரா, ஒரு லேப்டாப், ஒரு வெள்ளி விளக்கு. "அரக்குக் கலர் பட்டுப்புடவை ஒண்ணு, கெட்டி ஜரிகை, முந்தானையில மயில்."

அக்காவின் கல்யாணப் புடவை அரக்குதான். முந்தானையில் மயில்தான். அந்தக் காலத்தில் பாதிப் பேர் அப்படித்தான் எடுத்தார்கள்.

"இதுல ஒண்ணு கெடச்சாப் போதும்மா" என்றார் அவர். "இந்த ரூம்ல இருக்கற பெட்டி, காகிதம் அத்தனையும் சந்தேகத்துல எடுத்துட்டுப் போயிருவேன். அவங்கவங்க கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கிக்கட்டும்."

கோர்ட்டுக்குப் போன காகிதம் திரும்பிவர எத்தனை மாதம் ஆகும் என்பதை என்னிடம் கேட்க வேண்டும். இரண்டாவது தட்டில் பச்சை ஃபைல். கடிகாரத்தில் இரண்டே கால். மகள் நாளைக்குச் சென்னையில் நிற்க வேண்டும். நான் சும்மா இருந்திருந்தால் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்திருப்பார்கள், 'அது எதிர் வீட்டம்மா புடவை, கூப்பிட்டுக் கேளுங்கள்' என்று நேராகச் சொல்லியிருப்பேன். இப்போது என் வாயாலேயே அந்த வழியை அடைத்துவிட்டேன்.

சோதனை நடந்தது. இளம் காவலர் ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார், இப்போதெல்லாம் அதுவும் கட்டாயம். சூட்டு ரூமுக்குள் நுழைந்ததும் போனின் கண்ணில் பனி படர்ந்துவிட்டது. இரண்டு முறை துடைத்துவிட்டு ஆரம்பித்தார். பெண் காவலர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். போஸ்ட்மேனின் டிரங்குப் பெட்டியில் அவர் மனைவி எழுதிய கடிதக் கட்டு ஒன்று இருந்தது. அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்தார், அதற்காக அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. வர்க்கி கடைக்காரர் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசியில் என் பெட்டி.

என்னுடைய மூன்று புடவைகளுக்கு அடியில், வெள்ளை வேட்டித் துணியில் சுற்றியது வெளியே வந்தது. பெண் காவலர் பிரித்தார். அரக்கு. கெட்டி ஜரிகை. மயில்.

"இது யாருது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

என்னுடையது என்று சொல்ல முடியாது. கூடத்துக் கல்யாணப் போட்டோவில் நான் நீலத்தில் நிற்கிறேன். அதே நேரத்தில் வாசலில் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிர் வீட்டு மகள் வந்து நின்றாள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். போலீசைப் பார்த்தாள், உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே அசிங்கமாக இருந்தது.

"அது அந்த அக்காவுதுங்க சார்" என்றேன்.

"அவங்க பொருள் எதும் இல்லன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? அவங்களும் அதத்தான சொன்னாங்க?" அவர் அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது உங்களுதா?"

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் ஆமென்றால், தெரு பார்க்கச் சாத்திய கதவைத் தெரு பார்க்கவே திறந்ததாக ஆகிவிடும். காய வைக்க இடமில்லாமல் வந்தவள் என்று நான் சொன்னது நிஜம்தான் என்று போலீஸ் முன்னால், போன் படம் பிடிக்க, அவளே ஒத்துக்கொண்டதாக ஆகும். இல்லையென்றால் அவள் மகளின் காகிதமெல்லாம் ஜீப்பில் ஏறும். அவை இங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. எனக்கும் வாசலில் நின்ற பெண்ணுக்கும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன், மகள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

அக்கா மெதுவாக எழுந்து வந்தாள். புடவையைத் தொட்டாள். ஒரு பட்டை ஆறு வருஷம் ஒரே மடிப்பில் வைத்திருந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே ஒடிந்துபோகும், இது அவளுக்குத் தெரியும். மடிப்பைப் பிரித்தாள். ஒடியவில்லை. இன்னொரு மடிப்பைப் பிரித்தாள். காய்ந்த வேப்பிலை நாலு தரையில் விழுந்தது. வேப்பமரம் இந்த ஊரில் வளர்வதில்லை, இலையைக் கீழே போகிறவர்களிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். அவள் கை அங்கேயே நின்றது. பிறகு முந்தானையின் உள்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்.

"பாருங்க சார், இங்க ஒரு கிழிசலு. பச்சை நூலுல தெச்சிருக்குது. புள்ளைக்குக் காது குத்தறப்ப ஆணியில மாட்டிக் கிழிஞ்சுபோச்சு. இவதானுங்க தெச்சுக் குடுத்தா. அரக்குப் பட்டுக்கு ஆராச்சும் பச்சையில தெப்பாங்களா? இவ தெப்பா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்றதுங்க. என்ற கல்யாணச் சீலை."

அப்படியே சமையலறைக்குள் ஓடிவிடலாம் போல் இருந்தது எனக்கு. அன்றைக்கு வீட்டில் அரக்கு நூல் தீர்ந்துபோயிருந்தது என்று பதினைந்து தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவையும் அவள் நம்பியதில்லை.

சப் இன்ஸ்பெக்டர் ஹோம்ஸ்டேக்காரருக்குப் போன் போட்டார். திருட்டுப் போனது இன்னும் கட்டாத புடவை, கடை அட்டைகூட எடுக்காதது என்று அங்கிருந்து பதில் வந்தது. தைத்த கிழிசல் கிடையாது. அவர் போனை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். கடமைக்கு மிச்சமிருந்த தட்டையும் பார்த்துவிடலாம் என்று பச்சை ஃபைலை எடுத்துத் திறந்தார். முதல் காகிதத்தில் போட்டோ.

"இது யாரும்மா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அப்படியே திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"ஏண்டி," என்றாள், "காலேஜுலயே இருக்குதுன்னியே?"

"காலேஜுல எதுக்கம்மா வெச்சிருப்பாங்க!" என்று மகள் அழுதுகொண்டே கத்தினாள். "நீங்க ரெண்டு பேரும் பேசற வரைக்கும் பூசணம் காத்துக்கிட்டிருக்குமா? நாளைக்குக் காத்தால நான் சென்னையில நிக்கோணும்!"

வர்க்கி கடைக்காரர், "மூணு மணி ஆகப்போகுதுங்க, நாலுக்கு பஸ்ஸு" என்றார். சப் இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடி, மகளைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே கொடுத்தார். "நல்லா செஞ்சுட்டு வாம்மா" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "இந்தத் தெருவுல சாட்சிக்குன்னு ஒரு ஆள் தேறாதா? இப்ப இந்தம்மாவும் ஆக மாட்டாங்களே!"

அக்காவின் இடத்துக்கு அடுத்த தெரு ஆள் ஒருவரைக் கூட்டிவந்து, அறையை மறுபடியும் அவர் கண்முன் காட்டி, மகஜர் எழுதினார்கள். 'பறிமுதல் செய்யப்பட்ட பொருள் ஏதுமில்லை.' ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார். அது என் உரிமை, இருந்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். போகும்போது என் வீட்டுக்காரரின் டீயைப் புகழ்ந்தார். தன் குவார்ட்டர்சில் பெல்ட்டு பச்சையாகிவிட்டது, என்ன செய்யலாம் என்றும் மெதுவாகக் கேட்டார்.

மகள் பஸ்ஸைப் பிடித்தாள். மண்ணும் சரியவில்லை. இன்றைக்கு அவள் தர்மபுரிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், வாரத்துக்கு ஒருமுறை எங்கள் இரண்டு பேரையும் ஒரே போனில் கூப்பிட்டுத் திட்டுகிறாள்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து அக்காவும் நானும் ஒரே குடையில் திரும்பி வந்தோம். அது என் குடை, அவளுடையதை மகள் கொண்டுபோய்விட்டாள். எங்கள் கூடத்துக்கு வந்து கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். புடவை அவள் மடியில் இருந்தது.

"எத்தன தடவ மடிப்பு மாத்துனே?" என்றாள்.

"மூணு மாசத்துக்கு ஒருக்காங்கக்கா."

"நீ இத எடுத்துத் தரையத் தொடச்சிருப்பேன்னு நெனச்சேன்." கணப்பில் ஒரு கட்டையை உள்ளே தள்ளினாள். "உனக்குத் தெரியுமல்ல, இது உள்ள இருக்குதுன்னு. பொறவு எதுக்கு சாட்சிக்கு என்னையச் சொன்னே? அந்தப் புள்ளையோட பொழப்பே போயிருக்குமே."

எனக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது. "வேற எப்புடிங்கக்கா உங்கள இந்த ஊட்டுக்குள்ள வர வெக்கிறது?" என்றேன். "நான் கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா? கவர்மென்ட் கூப்பிட்டாத்தான் மறுக்க முடியாது."

"கிறுக்கி" என்றாள். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் என்று நான் அழுதுகொண்டே சொன்னதை அவள் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. புடவையைப் புது மடிப்பில் மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சூட்டு ரூமுக்குப் போய் அவளே வைத்தாள். என் பெட்டியில் வைக்கவில்லை. தட்டில், எல்லோருடைய சாமானுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் விறகு. எண்ணிப் பார்த்தேன், ஆறு கட்டு. ஆறு மழைக்காலத்துக்கு ஆறு கட்டு. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. இவள் இன்னும் மறக்கவில்லை, கடன் தீர்க்கிறாள் என்று நினைத்தேன். ரோட்டுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு கத்தினேன். "என்னக்கா இது? எதுக்கு ஆறு கட்டு?"

அக்கா ஜன்னலைத் திறந்தாள். நாலு வீட்டுக் கதவும் கூடவே திறந்தது.

"அது ஈர வெறகு கண்ணு, எரியாது" என்றாள் தெருவுக்கே கேட்கும்படி. "உன்ற ரூமுல அடுக்கி வெய்யி. எங்கூட்டுல காய வெக்க எடமில்ல பாரு."